வயலுக்கும் சந்தைக்கும் நடுவில்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவைகளுக்கான மாத உதவி ஆகியவற்றின் வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை வேறு. நம் ஊர்க்காரர் ஒருவர், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில், இங்குள்ள விவசாயிகளுக்காகக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று கட்டித்தர முன்வந்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. அதை ஏற்பதா, வேறு வகையில் செலவிடச் சொல்வதா என்று செயற்குழு அடுத்த மாதம் முடிவெடுக்கும். அதற்கு முன் என் கருத்தை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குக் கிடங்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று கேளுங்கள். கேட்டபிறகு என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பை நிறையச் சீட்டு

சென்ற ஆண்டு கோடையில் ஒரு பெரியம்மா அலுவலகத்துக்கு வந்தார்கள். நம் மஹல்லாவைச் சேர்ந்தவர் அல்ல, ஆனால் நம் ஊர். கணவர் காலமாகிவிட்டார். சொந்தமாக எண்பது சென்ட் நிலம், ஒரு கிணறு. தக்காளியும் கத்தரியும் போடுகிறார்கள். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வந்தவர், கையில் ஒரு பாலித்தீன் பை வைத்திருந்தார். பை நிறைய மண்டிச் சீட்டுகள்.

"பாய், நான் சோம்பேறி இல்ல. காய் நல்லாத்தான் காய்ச்சுது. ஆனா கையில ஒண்ணும் நிக்கல. எங்க போகுதுன்னு நீங்க படிச்சவங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள்.

கட்டணத்துக்கு ஏற்பாடு செய்தோம். சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, அன்றிரவு இஷாவுக்குப் பிறகு தரையில் பரப்பிப் பார்த்தேன். மதரஸாவில் பாகப்பிரிவினைக் கணக்குப் படித்தவன், கல்லூரியில் வணிகவியல் படித்தவன். எனக்கே அந்தச் சீட்டுகள் புரிய நேரம் பிடித்தது. சிலவற்றில் எடை இல்லை, பெட்டி எண்ணிக்கை மட்டும் இருந்தது. சிலவற்றில் 'கழிவு' என்று ஒரு தொகை. எதற்கான கழிவு என்று இல்லை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடைசி வரியில் 'முன்பணம் வரவு' என்று ஒரு தொகை பிடித்திருந்தது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய முன்பணம் அது. பிடித்துக்கொண்டே இருந்தார்கள், ஆனால் அடுத்த நடவுக்கு மறுபடி வாங்க வேண்டியிருந்ததால் கடன் தீரவே இல்லை.

அந்தப் பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்த உரை.

சிறியவர்களின் நாடு

இந்த நிலைமை அவர்கள் ஒருவருக்கு மட்டும் உள்ளதல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள பண்ணைகளில் நூற்றுக்கு 86 இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஐந்து ஏக்கருக்குக் குறைவானவை. தமிழ்நாட்டில் இந்த விழுக்காடு இன்னும் அதிகம். ஒவ்வொருவரும் கொண்டுவருவது நாலு பெட்டி, பத்துப் பெட்டி. அந்தச் சிறு சரக்கை வைத்துக்கொண்டு வண்டி பேசவும் முடியாது, விலை பேசவும் முடியாது.

2024-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையில், நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. இங்கே வியாபாரிகள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். மீதி 67 ரூபாயும் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். அதில் வண்டி வாடகை இருக்கிறது, ஏற்றுகூலி இறக்குகூலி இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது, சில்லறைக் கடைக்காரரிடம் அழுகிப்போகும் காய் இருக்கிறது. ஆனால் அந்த 67-க்குள் யாருக்கும் போய்ச் சேராத பணமும் இருக்கிறது. அதுதான் நசுங்கிக் கொட்டப்படும் சரக்கு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அறுவடைப் பின்செய் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளியில் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு சுமார் 12 விழுக்காடு. அதாவது நூறு பெட்டி பறித்தால் பன்னிரண்டு பெட்டி யார் வயிற்றுக்கும் போகவில்லை. விவசாயிக்கும் இல்லை, வியாபாரிக்கும் இல்லை, ஏழைக்கும் இல்லை. அல்லாஹ் தந்த ரிஸ்கு மண்ணில் கொட்டப்படுகிறது.

ஒரு நாள் கணக்கு

கணக்குக்காக ஒரு நாள் சரக்கை எடுத்துக்கொள்வோம். 50 பெட்டி தக்காளி. பெட்டிக்கு 14 கிலோ. மண்டியில் பெட்டி 150 ரூபாய். பறித்ததில் ஆறு பெட்டி நசுங்கிக் கழிந்தது; விற்றது 44 பெட்டி. கையில் வர வேண்டியது 6,600 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு பத்து என்றால் 660 போகும். வண்டி வாடகை பெட்டிக்கு 15 வீதம் 750. இறக்குகூலி பெட்டிக்கு 5 வீதம் 250. பறிப்புக் கூலி ஐந்து பேருக்கு 1,500. எல்லாம் போக மிச்சம் 3,440 ரூபாய். நாற்று, உரம், மருந்து, குச்சி, கயிறு, உங்கள் சொந்த உழைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை.

இப்போது விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டாம். கமிஷன் விகிதத்தையும் தொட வேண்டாம். நசுங்குவது ஆறு பெட்டியிலிருந்து இரண்டாகக் குறையட்டும். நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றியதால் வாடகை பெட்டிக்குப் பத்தாகட்டும். விற்பது 48 பெட்டி, 7,200 ரூபாய். கமிஷன் 720, வண்டி 500, இறக்குகூலி 250, பறிப்பு 1,500. மிச்சம் 4,230. ஒரே நாளில் 790 ரூபாய் கூடுதல். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வருமானம் கூடியிருக்கிறது.

இதற்குக் குளிர்பதனக் கிடங்கு தேவைப்பட்டதா? இல்லை. நல்ல பெட்டியும், நிழலும், ஒன்றாக ஏற்றும் ஒழுங்கும்தான் தேவைப்பட்டன.

நாம் செய்த தவறு

இதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது புத்திசாலித்தனத்தால் அல்ல, செய்த தவறால். சில ஆண்டுகளுக்கு முன் இதே அறக்கட்டளை விவசாயிகளுக்காக ஒரு 'குட்டியானை' வண்டி வாங்கியது. முன்மொழிந்தவன் நான்தான். வாடகையில் பாதி வாங்கினால் போதும், வண்டி தானாக ஓடும் என்று நம்பினேன். மூன்று மாதம் ஓடியது. பிறகு மதரஸாவின் பின்புறக் கொட்டகையில் நின்றது. பிள்ளைகள் அதில் ஏறி விளையாடியதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

ஏன் நின்றது? ஒரு நாள் நாலு பெட்டி வரும், மறுநாள் அறுபது வரும். நாலு பெட்டிக்கு வண்டியை அனுப்பினால் டீசலுக்கே பற்றவில்லை. அறுபது வந்தால் இருபது பெட்டி களத்திலேயே வாடியது. போகும்போது சுமை, வரும்போது காலி. ஓட்டுநருக்கு மாதச் சம்பளம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, அதை நான் விசாரிக்கவே இல்லை. முன்பணம் வாங்கிய விவசாயி, முன்பணம் கொடுத்த கடைக்குத்தான் சரக்கைப் போட வேண்டும்; அந்தக் கடை அனுப்பும் வண்டியில்தான் ஏற்ற வேண்டும். சரக்கு எங்கே போக வேண்டும் என்பதை விவசாயி தீர்மானிக்க முடியாத ஊரில் நான் வண்டி வாங்கினேன். வண்டியை விற்றோம். அதில் ஏற்பட்ட நட்டத்துக்கு மறுமையிலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். பொதுப்பணம் அமானிதம்.

அதனால்தான் இந்த முறை கட்டிடம் என்றதும் எனக்குப் பயம் வருகிறது.

குளிர் அறை எதற்கு, எதற்கில்லை

குளிர்பதனக் கிடங்கைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. விலை விழுந்தால் உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம், விலை ஏறும்போது திறந்து விற்கலாம் என்று. உருளைக்கிழங்குக்கு இது சரி. புளி, மிளகாய் வற்றலுக்குச் சரி. தக்காளிக்குச் சரிவராது. சிவந்த தக்காளி, நல்ல குளிரிலும் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். விலை வீழ்ச்சியோ பல வாரம் நீடிக்கும். பத்து நாள் கழித்து வெளியே எடுத்தால் அதே விலை காத்திருக்கும். கூடவே மின்கட்டணச் சீட்டும் வரும்.

ஒரே அறையில் எல்லாக் காயையும் வைக்கவும் முடியாது. தக்காளியைப் பத்து டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் அது சுவை கெட்டு, புள்ளி விழுந்து, சரியாகப் பழுக்காமல் போகும். வாழைக்குப் பதின்மூன்று டிகிரி வேண்டும், குறைந்தால் தோல் கறுக்கும். முட்டைக்கோசும் கேரட்டும் ஏறக்குறைய பனிக்கட்டி அளவுக்குக் குளிரைக் கேட்கும். சின்ன வெங்காயத்துக்குக் காற்றோட்டமான உலர்ந்த பட்டறைதான் பொருத்தம். ஈரக்குளிரில் வைத்தால் முளைத்துவிடும். பழுக்கும் வாழையோடு கீரையை வைத்தால், வாழையிலிருந்து வரும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். நம் ஊரில் ஆறு வகைக் காய் விளைகிறது. ஓர் அறை கட்டினால் யாருக்கு என்று கட்டுவது?

குளிர் அறையே வீண் என்று நான் சொல்லவில்லை. தினமும் ஒரே வகைச் சரக்கு போதுமான அளவு சேர்ந்து, தொலைவில் நிரந்தரமாக வாங்குபவர் இருந்தால், அந்த அறை பெரிய பாக்கியம். அந்த நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை.

வெயிலின் சூட்டைத் தணிக்க மலிவான வழிகள் உள்ளன. டில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மின்சாரமே இல்லாத ஒரு தொட்டியை வடிவமைத்துத் தந்திருக்கிறது. செங்கல்லில் இரட்டைச் சுவர் கட்டி, இடைவெளியில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல உள்ளே குளிரும். நம்முடையது போன்ற வறண்ட காற்றுள்ள பகுதியில்தான் அது நன்றாக வேலை செய்யும். நூறு கிலோ காயை ஓர் இரவு வாடாமல் வைக்க அது போதும்.

ஆனந்தில் எதிலிருந்து தொடங்கினார்கள்?

கூட்டுறவு என்றதும் எல்லோரும் குஜராத்தின் ஆனந்தைச் சொல்வார்கள், அமுல் ஆலையைச் சொல்வார்கள். ஆலை எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். 1946-இல் கேடா மாவட்டத்தில் பாலை ஒரே நிறுவனம்தான் வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பியது. விலையையும் அதுவே வைத்தது. விவசாயிகள் சமர்க்கா என்ற ஊரில் கூடி, பதினைந்து நாள் பால் ஊற்ற மறுத்தார்கள். திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராக நடந்து சங்கங்களை அமைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒன்றியம் பதிவானபோது இரண்டு ஊர்ச் சங்கங்கள்தான் இருந்தன. நாளுக்குச் சுமார் 250 லிட்டர் பால்தான். ஊரிலேயே பாலை அளந்தார்கள். காலையும் மாலையும் குறித்த நேரத்தில் எடுத்தார்கள். கொழுப்புச் சத்துக்கு ஏற்ற விலை என்பதால் தண்ணீர் கலப்பதில் யாருக்கும் லாபம் இல்லாமல் போனது.

பிறகுதான் ஒரு சிக்கல் வந்தது. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். பம்பாய் அவ்வளவையும் வாங்காது. மிஞ்சும் பாலை என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் எருமைப் பாலிலிருந்து பொடி செய்யும் ஆலை 1955-இல் திறக்கப்பட்டது. குரியனும் தலாயாவும் அதற்காகப் பாடுபட்டார்கள். ஊரில் அளவுகோல் வைத்து ஒன்பது ஆண்டு கழித்து ஆலை வந்தது. நாம் ஆலையைப் பார்த்து வியக்கிறோம், அந்த ஒன்பது ஆண்டை மறந்துவிடுகிறோம்.

நம் பக்கத்திலேயே திருச்செங்கோடு வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைப் போய்ப் பாருங்கள். பருத்தியும் மஞ்சளும் எள்ளும் அங்கே பலருடையது ஓரிடத்தில் சேர்ந்து ஏலத்துக்கு வருகின்றன. ஒருவருடைய மூட்டை சிறியதாக இருக்கலாம். எல்லோருடையதும் ஒரே கூடத்தில் இருப்பதால் வாங்குபவர்கள் தேடி வருகிறார்கள்.

சந்தையைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டவை

நான் தீர்ப்பு வழங்க வரவில்லை. இமாம் ஹஜ்ரத் இருக்கிறார்கள். ஆனால் நாம் ஓதிய பாடங்களில் சந்தைக்குப் பெரிய இடம் உண்டு என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு, அவர்களுக்குச் சந்தை விலை தெரியும் முன்பே வாங்கிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தால், அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் வந்திருக்கிறது. விலை தெரியாத நிலையை லாபமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதே இதன் கருத்து. இன்று நம் களத்துமேட்டில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்பணமே தவறு என்றும் இல்லை. மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அளவும் எடையும் தவணையும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நபியவர்கள் அதை அனுமதித்தார்கள். 'ஸலம்' என்று படித்திருக்கிறோம். நம் மண்டி முன்பணத்தில் எடையும் இல்லை, விலையும் இல்லை, தவணையும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் உறுதி: சரக்கு வேறெங்கும் போகக் கூடாது. கடன் கொடுத்தவர் அந்தக் கடனை வைத்தே ஓர் ஆதாயத்தை நிபந்தனையாக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று நம்மில் ஓதியவர்களுக்குத் தெரியும்.

விவசாயிகளே, உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, இதை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபியவர்கள் கேட்ட செய்தி நமக்கெல்லாம் மனப்பாடம். மேலே சிவந்த பெரிய காய், அடியில் பொடிக்காயும் சொத்தையும் என்று பெட்டி கட்டுவது நம் ஊரில் இல்லையா? மண்டிக்காரர் 'கழிவு' போடுவதற்கு முதல் காரணத்தை நாமே கொடுத்திருக்கிறோம்.

ஒன்பது குடும்பங்கள், ஒரு பருவம்

பெரியம்மாவின் சீட்டுகளைப் பார்த்த பிறகு, செயற்குழுவின் ஒப்புதலோடு ஒரு சிறு முயற்சி செய்தோம். ஒன்பது குடும்பங்களைத் தேர்ந்தோம். அவர்கள் மண்டியில் பாக்கி வைத்திருந்த முன்பணத்தை அழகிய கடனாகக் கொடுத்து அடைத்தோம். ஜகாத் பணத்தைத் தொடவில்லை; அது உரியவர்களின் கையில் உடைமையாகவே சேர வேண்டியது. பொது நன்கொடையிலிருந்து கொடுத்தோம். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பத்து ரூபாய் வீதம் திருப்பித் தர வேண்டும். சரக்கு எங்கே போனாலும் சரி. வட்டி இல்லை, வேறு நிபந்தனையும் இல்லை.

இரண்டாவதாக, அறுபது பிளாஸ்டிக் பெட்டிகளும் ஒரு மின்னணுத் தராசும் வாங்கினோம். ஒரு வேப்பமரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டோம். விடியற்காலையில் பறிப்பது, வெயில் ஏறும் முன் நிழலுக்குக் கொண்டுவருவது, தொலைதூரச் சந்தைக்குச் செங்காயாகவும் பக்கத்துச் சந்தைக்குப் பழமாகவும் பிரிப்பது என்று ஒழுங்கு வைத்தோம். பிரிக்கும் வேலையில் பெண்கள் எங்களுக்கு ஆசிரியர்கள்.

மூன்றாவதாக, ஒரு நோட்டுப் புத்தகம். முதல் நாள் மாலையே ஒவ்வொருவரும் நாளைக்கு எத்தனை பெட்டி என்று சொல்ல வேண்டும். மஃரிபுக்குப் பிறகு இரண்டு சந்தைகளுக்குத் தொலைபேசியில் பேசி விலை கேட்போம். மொத்தப் பெட்டியைப் பார்த்து, வாடகை வண்டி ஒன்றைப் பேசுவோம். சொந்த வண்டி கிடையாது! திரும்பி வரும்போது அதே வண்டியில் புண்ணாக்கும் தவிடும் உரமும் வரும். காலியாக வந்த வண்டிக்குக் கொடுத்த பணம் அப்படி மிஞ்சியது. ஐந்து பெட்டிக்குக் குறைவாக வைத்திருப்பவர், உழவர் சந்தைக்குப் போகலாம். 1999-இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே தருவார்கள். ஆனால் விவசாயியே உட்கார்ந்து விற்க வேண்டும், அந்த நாள் வயல் வேலை நிற்கும். அதையும் கணக்குப் பார்த்துத்தான் போனார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் அது பொய். இரண்டு மாதத்தில் பதினான்கு பெட்டி திரும்பவில்லை. பிறகு எண் எழுதி, மண்டியில் வைப்புத்தொகை வாங்கிய பின்தான் நின்றது. இருவர் முதல் நாள் இருபது பெட்டி என்று சொல்லி மறுநாள் எட்டுக் கொண்டுவந்தார்கள். வாடகை நட்டத்தை மற்றவர்கள் சுமந்தார்கள். மாசியில் ஒரு வாரம் விலை அடியோடு விழுந்தது. பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை. மூன்று குடும்பங்கள் காயைச் செடியிலேயே விட்டன. அந்த வாரம் நம் பெட்டியும் தராசும் நோட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சரக்கு பெருகிச் சரியும் விலையை ஓர் ஊரால் தடுக்க முடியாது. ஆனால் அந்த வாரம் அவர்கள் தலையில் மண்டிக் கடன் இல்லை. செடியை அழிக்காமல், தண்ணீர் கட்டி, அடுத்த காய்ப்புக்குக் காத்திருக்க முடிந்தது. இதன் அருமை 2023 ஜூலையை நினைத்தால் விளங்கும். அப்போது தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. அந்த விலை யாருக்குப் போனது? அன்று செடியில் காய் வைத்திருந்தவருக்கு. முந்தைய வீழ்ச்சியில் செடியை உழுதுவிட்டவருக்கு ஒன்றும் இல்லை.

ஒன்பது குடும்பங்களில் ஆறு, கடனை முழுதும் அடைத்துவிட்டன. இரண்டு பாதி அடைத்திருக்கின்றன. ஒருவர் மறுபடி பழைய கடையிலேயே முன்பணம் வாங்கிவிட்டார். மகளின் பிரசவச் செலவு. அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவசரத்துக்கு அன்றிரவே பணம் கொடுத்தது அந்தக் கடைதான், நாம் அல்ல. நம் விண்ணப்பத்தில் நான்கு கையெழுத்து வேண்டும். இதையும் செயற்குழு யோசிக்க வேண்டும்.

என் வேண்டுகோள்

முதலில் நன்கொடையாளருக்கு. உங்கள் பணத்தைக் கட்டிடமாகப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. கல்லில் பெயர் நிற்கும். ஆனால் இந்த மூன்று ஆண்டுக்கு அதை அழகிய கடன் நிதியாகவும் பெட்டிகளாகவும் ஒரு பெரிய கொட்டகையாகவும் மாற்ற அனுமதியுங்கள். ஒன்பது குடும்பம் அறுபதாகட்டும். தினமும் என்ன சரக்கு, எவ்வளவு, எங்கே போகிறது என்று நோட்டு நமக்குச் சொல்லும். அப்போது குளிர் அறை தேவைப்பட்டால், எத்தனை டிகிரி, எவ்வளவு அகலம் என்றுகூட அந்த நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தால் பத்து விவசாயிகள் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் உதவி பெறச் சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். செய்யலாம், இன்ஷா அல்லாஹ். ஆனால் நோட்டில் இரண்டு பருவம் ஒழுங்காக எழுதிக் காட்டிவிட்டுச் செய்வோம். நாளைக்கு எத்தனை பெட்டி என்று உண்மை சொல்லப் பழகாதவர்கள் பங்குதாரர் ஆனாலும் நிலைமை மாறாது.

மண்டி வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களை ஒதுக்கிவிட்டு இதைச் செய்ய நினைக்கவில்லை. ஆயிரம் பெட்டி வந்தாலும் அன்றே விற்றுத் தரும் திறமை உங்களிடம்தான் இருக்கிறது. இரண்டே உதவி கேட்கிறேன். சீட்டில் எடை, விலை, கமிஷன், கூலி, கழிவு, கழிவுக்கான காரணம் ஆகியவற்றைத் தனித்தனி வரியில் எழுதுங்கள். இரவில் விலை கேட்டு யார் பேசினாலும், உங்களிடம் கடன் பட்டவரானாலும், அன்றைய விலையை உள்ளபடி சொல்லுங்கள். இதனால் உங்களுக்கு வரும் சரக்கு குறையாது. தரம் பிரித்த சரக்காக வரும்.

விவசாயிகளே, அடியில் இருப்பதும் மேலே இருப்பது போலவே இருக்கட்டும். சொன்ன எண்ணிக்கையைக் கொண்டுவாருங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

அந்தப் பெரியம்மா இன்று வரவில்லை. கொட்டகையில் தராசுப் பக்கம் அவர்தான் உட்காருகிறார், இன்று சரக்கு நாள். சென்ற வாரம் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார்கள். அதில் முன்பணம் என்ற வரி இல்லை. "இப்ப எங்க போகுதுன்னு எனக்கே தெரியுது பாய்" என்றார்கள்.

அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வரும் வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு கொட்டகைக்கு வாருங்கள். எந்தச் சமுதாயத்தவரும் வரலாம். வரும்போது கையில் இருக்கும் மண்டிச் சீட்டுகளை மறக்காமல் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

நம் உழைப்பிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.